தொடாமல் திருப்பும் காந்தம்: விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்

இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு சென்னையில் படித்த கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை ஆசிரியரானார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்தச் சந்தேகம் கேட்டாலும் விளக்குவார். வேறு கல்லூரி மாணவர்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

அங்கிருந்து கல்கத்தா சென்று சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சோதனைகளில் உடன் உழைத்தவர் அவர். அந்த ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். காந்தவியலில் அவருடைய ஆராய்ச்சி அங்கேதான் வேர்பிடித்தது.

சிறிய படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். படிகம் தானாகவே ஒரு திசைக்குத் திரும்பி நிற்கும். பிறகு இழையை மேலிருந்து சிறிது சிறிதாக முறுக்குவார். முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று சுழன்றுவிடும். வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் தறியில் நூலோடு பழகியவர்களுக்கு முறுக்கேறிய இழையின் வலு தெரியும். அந்த முறுக்கை அளந்துதான், காந்தம் படிகத்தை எவ்வளவு வலுவாகத் திருப்புகிறது என்று அவர் கணக்கிட்டார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் அதிலிருந்து அறிந்தார்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். இன்று இதயத்துடிப்புக் கோளாறுக்குச் செய்யும் ஒரு சிகிச்சையைப் பாருங்கள். தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கதீட்டர் குழாயை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். கையால் திருப்பும் குழாய் ஓரளவு விறைப்பாக இருக்கவேண்டும். அது இதயச் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. காந்த முறையில் குழாயின் மென்மையான நுனியில் சிறு காந்தங்கள் இருக்கும். நோயாளியின் இருபுறமும் பெரிய காந்தங்கள் நிற்கும். மருத்துவர் அடுத்த அறையிலிருந்து கணினி மூலம் காந்தப்புலத்தின் திசையை மாற்றினால், உள்ளே நுனியும் அதற்கேற்பத் திரும்பும். விழுங்கும் கேமரா மாத்திரையையும் இரைப்பைக்குள் இவ்வாறு திருப்பிப் படம் எடுக்கிறார்கள்.

இந்தக் கருவிகளைக் கிருஷ்ணன் உருவாக்கவில்லை. அவர் அளந்தது படிகம். இங்கே திரும்புவது காந்தம். ஆனால் கை படாமல் ஒரு பொருளைத் திருப்பும் காந்தப்புலத்தின் ஆற்றல் இரண்டுக்கும் பொது. அந்த ஆற்றலைப் பொறுமையாக அளந்து கணக்காக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961 ஜூன் 14 அன்று காலமானார்.

பெற்றோர்களே! பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ இயற்பியல் படிக்க விரும்பினால், மருத்துவம் கிடைக்காதவர்களின் படிப்பு அது என்று மனம் நோகச் செய்யாதீர்கள். மருத்துவரின் கைக்குக் கருவி போய்ச் சேருவதற்கு முன்னால், யாரோ ஒருவர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.