பிடிக்கலன்னு ஒதுக்கிய ஊர்... 20 வருஷம் கழித்து கொண்டாடிய இளைஞர்கள்! யார் இந்த கௌதம் சட்டோபாத்யாய்?

2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி' பாட்டை கேட்காதவர்கள் குறைவு. வங்கதேச ராக் பாடகர் ஜேம்ஸ் பாடிய அந்தப் பாட்டின் மெட்டு, மும்பையில் பிறந்தது இல்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு இசைக்குழுவின் வங்காளப் பாட்டில் இருந்து எடுக்கப்பட்டது அது. இந்தி ரசிகர்கள் அதை முணுமுணுத்தபோது, அந்தக் குழுவை உருவாக்கியவர் இறந்து 7 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்தான் கௌதம் சட்டோபாத்யாய். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் மேற்கு வங்க இளைஞர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்க, இவரோட பாட்டு ஒண்ணாவது தெரிஞ்சிருக்கும்.

கிடார் கையில் எடுத்தது எப்போது?

1960-களில் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் தினமும் மேற்கத்திய இசை ஒலிக்கும். பிரசிடென்சி கல்லூரியில் படித்த கௌதம், ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு சேர்ந்து அங்கே கிடார் வாசித்தார். சாக்ஸபோனும் வாசிப்பார். இன்னொரு பக்கம், ஒற்றைத் தந்தி ஏக்தாராவோடு ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்கள் மேல் அவருக்கு தீராத ஈர்ப்பு. நம்ம ஊர் சித்தர் பாட்டு மாதிரி, எளிய சொல்லில் ஆழமான விஷயம் பேசுவது பாவுல் மரபு.

சிறை... வெளியூர் வாழ்க்கை!

நக்சல்பாரி இயக்கம் கொல்கத்தா கல்லூரிகளை உலுக்கிய காலம் அது. கௌதமும் அதில் இறங்கினார், கைதானார், சிறையில் இருந்தார். மேற்கு வங்கத்தில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியே வந்தார். போபால், ஜபல்பூர் என்று அலைந்து, மெடிக்கல் ரெப் வேலை பார்த்தார். பாட்டு எழுதுவதை மட்டும் விடவில்லை.

பி.எஸ்சி. பட்டத்தோடு ஒரு பேண்ட்

1970-களின் நடுவில் கொல்கத்தா திரும்பியதும், தம்பிகள், உறவினர், நண்பர்கள் என 7 பேரைச் சேர்த்தார். குழுவுக்கு பெயர் வைப்பதே பெரும்பாடு. 'சப்தரிஷி' என்று வைத்தார்கள், மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்சி. குழுவினர்' என்றுகூட கிண்டலாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில், கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையில் இருந்து 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள் என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைச் சொன்னவர் குழுவில் ஒருவரான ரஞ்சன் கோஷால்.

மேடையில் என்ன புதுசு?

அன்றைய வங்காளக் கச்சேரி என்றால் ஆர்மோனியம், தபலா, நடுவில் ஒரு பாடகர். ரவீந்திர சங்கீதமும் சினிமா பாட்டும்தான் ராஜா. இவர்கள் மேடையில் கிடார், டிரம்ஸ், வயலின், சாக்ஸபோனோடு நாட்டுப்புற மெட்டும் சேர்ந்து ஒலித்தது. முன்னால் ஒருவர் பாட, பின்னால் கூலிக்கு வாசிக்கும் குழு கிடையாது. எல்லாரும் பாடினார்கள், எல்லாரும் வாசித்தார்கள். காதலும் கடவுளும் மட்டுமே பாட்டுக்கு விஷயம் என்றிருந்த நேரத்தில், நகரத்து நெரிசல், வேலையில்லாத இளைஞன், தனிமை என்று பாடினார்கள். ரவீந்திர சதன், மாக்ஸ் முல்லர் பவன், 1980-ல் கொல்கத்தா ஜாஸ் விழா என்று மேடைகள் கிடைத்தன.

அப்புறம் ஏன் எடுபடல?

1977 முதல் 1979 வரை 3 இசைத்தட்டுகள் வந்தன. விற்பனை சுமார்தான். இது வங்காள இசையே இல்லை என்று ஒரு தரப்பு முகம் சுளித்தது. 1965-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடு பாடியபோதும் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. ஆனால் டிலனுக்குப் பின்னால் பெரிய ரெக்கார்டு கம்பெனி இருந்தது. கௌதமுக்கு அது இல்லை. குழுவில் இருந்தவர்கள் வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு திசையில் போக, 1981-ல் மொஹீனேர் கோராகுலி கலைந்தது.

கௌதம் சினிமா பக்கம் திரும்பினார். படகிலேயே வாழும் பாம்பாட்டிச் சமூகத்தைப் பற்றி அவர் எடுத்த 'நாகமதி' படம், வங்காள மொழிக்கான தேசிய விருதை வென்றது.

20 ஆண்டுகளுக்குப் பிறகு...

இதற்கிடையே பழைய பாட்டுகளை கல்லூரி மாணவர்கள் ஹாஸ்டல் அறைகளிலும் கேன்டீன்களிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் புரிந்துகொண்ட கௌதம், 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் போச்சோர் குரி போரே' என்ற கேசட்டை வெளியிட்டார். மறுபடியும் 20 வருஷம் கழித்து என்பதுதான் அதன் பொருள். தன் பாட்டோடு நிறுத்தாமல், புதிய குழுக்களின் பாட்டுகளுக்கும் அதில் இடம் கொடுத்தார். 'பீகி பீகி'யின் மூலப் பாட்டும் இந்த கேசட்டில் இருந்ததுதான். கேசட் ஹிட். அடுத்தடுத்து மேலும் 3 தொகுப்புகள் வந்தன. வங்காளத்தில் புதுப்புது பேண்ட்கள் முளைத்தன.

அந்த அலை உச்சத்துக்குப் போவதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1999 ஜூன் 20-ம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். மகன் கௌரவ், 'லக்கிச்சாரா' என்ற வங்காள ராக் குழுவின் டிரம்மர் ஆனார்.

சினிமாவை நம்பாமல் சொந்தப் பாட்டு, சொந்தக் குழு என்று தமிழில் மேடை ஏறும் இளைஞர்கள் இப்போது அதிகம். பாட்டு உடனே எடுபடலைன்னு அவர்கள் சோர்ந்துபோகும் நாளில், தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.