பிள்ளைக் குணம் விடாத பெருங்கவிஞர்

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறி எழும்பூரில் இறங்கினால் திருவல்லிக்கேணி அதிகத் தொலைவன்று. அங்கே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், இன்று நினைவில்லமாக விளங்கும் வீட்டில்தான் பாரதியாரின் இறுதி நாள்கள் கழிந்தன. அவரை மகாகவி எனப் போற்றும் நாம், அவர் காலத்தவர் பலர் முகம் சுளித்த ஒரு குணத்தையும் இம்மலரில் நினைவுகூர்தல் தகும். அது அவருடைய பிள்ளைக் குணம்.

1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பிறந்த அவர், ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர், மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று உயர வேண்டுமென விரும்பினார். தந்தைக்கு அஞ்சித் தெருப்பிள்ளைகளின் ஆட்டங்களில் சேராது தனித்திருந்த ஏக்கத்தைக் கவிஞர் பின்னாளில் தம் தன்வரலாற்றுப் பாடலில் பதிவு செய்தார். இளமையில் கைநழுவிய ஆட்டத்தை வளர்ந்தபின் அவர் மீட்டுக்கொண்டார்.

1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்தார். புதிதாய்ப் பிறந்த பாடல்களைக் கேட்கும் முதல் அவையினர் பலமுறை அவருடைய மகள்களும் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரியுமே. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்ததும் அங்கேதான். அம்மகிழ்ச்சியின் விலையைச் செலுத்தியவர் செல்லம்மாள் என்பதையும் மறைக்கலாகாது.

1918இல் புதுவையை விட்டு வெளியேறிச் சிறை மீண்டபின் கடையம் சென்றார். கழுதைக்குட்டியை அணைத்து முத்தமிட்ட செய்கையை இன்று அன்பின் அடையாளமாகச் சொல்கிறோம். அன்று ஊரார் பித்து என்றே பேசினர்.

ஆனால் அந்தப் பித்திலிருந்தே கவிதை பிறந்தது. பாப்பாப் பாட்டில் குழந்தைக்கு அவர் கூறும் முதல் அறிவுரை பாடத்தைப் பற்றியதன்று, ஆட்டத்தைப் பற்றியது. 1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டில் கடவுளே தெருப்பெண்களைச் சீண்டும் குறும்புப் பிள்ளையாகிறார். பெரியமனிதத் தோரணைக்குள் தம்மை அடைத்துக்கொண்டவரால் அப்படிப் பாடியிருக்க இயலாது.

1921 ஜூனில் பார்த்தசாரதி கோயில் யானைக்கு உணவளிக்கச் சென்றபோது அது அவரைத் தள்ளி வீழ்த்தியது. குவளைக்கண்ணன் காப்பாற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் நோயுற்று மறைந்தபோது அவருக்கு முப்பத்தெட்டே வயது. இறுதி ஊர்வலத்தில் சென்றோர் மிகச் சிலர்.

பணி முடிந்து மாலை வண்டியில் இறங்கிக் கவியரங்கிற்கு வரும் நம்மில் எத்தனை பேர், தெருவில் ஆடும் பிள்ளைகள் அழைத்தால் அயலார் பார்வைக்கு அஞ்சாமல் நிற்போம்? பத்தாண்டு நிறைந்த வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பிள்ளைக்கும் வட்டத்திற்கும் பத்து என்பது விளையாடும் வயதுதானே!