ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்: வைரஸுக்குள் பார்த்தவர்

டி.என்.ஏ. எக்ஸ்-ரே படத்தால் அறியப்பட்ட ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், தம் கடைசி ஐந்து ஆண்டுகளை வைரஸ்களுக்கே கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1920-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்து, நிலக்கரி ஆய்வில் டாக்டர் பட்டம் பெற்றார். 1953-ல் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைத் தேமல் வைரஸை ஆராய்ந்தார். அது புரதத்தாலான குழல். அதன் சுவருக்குள் ஆர்.என்.ஏ. இழை சுருளாகப் பதிந்திருப்பதைக் காட்டினார்.

1956-ல் புற்றுநோய் தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் ஆய்வுக்கூடம் போனார். போலியோ வைரஸையும் கையில் எடுத்தார். 1958 ஏப்ரல் 16-ல் காலமானார். வயது 37. உடன் உழைத்த ஆரன் குளுக் 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

வைரஸுக்குள் இருப்பது டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா, ஓரிழையா, ஈரிழையா, எப்படிப் பெருகுகிறது என்று பார்த்து, பேரேட்டில் தலைப்புப் பிரிப்பதுபோல வகை பிரித்தவர் டேவிட் பால்டிமோர் (1971). இன்று ஏழு வகைகள். நம் டெல்டா விவசாயிகள் அஞ்சும் நெல் துங்ரோ நோயில் இரு வைரஸ்கள் கூட்டுச் சேருகின்றன: ஒன்று ஆர்.என்.ஏ., நான்காம் வகை, மற்றது டி.என்.ஏ., ஏழாம் வகை. இரண்டையும் சுமந்து வருவது பச்சைத் தத்துப்பூச்சி.

தலைப்புப் பிரிக்க, முதலில் உள்ளே இருப்பது தெரியவேண்டும். அதற்கு வழி காட்டியவர்களில் ரோசலிண்டும் ஒருவர்.