சேலம் வந்த தத்துவ போதகர்

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் வந்து 400 ஆண்டுகள் கடந்துவிட்டன. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்தவர் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழ் உரைநடையின் முன்னோடியாக அவரைப் படித்திருக்கிறோம். தலித் மக்களின் பக்கம் நின்றும் அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த நொபிலி, 1605-இல் கோவாவிலும் 1606-இல் மதுரையிலும் கால் வைத்தார். அங்கே பெர்னாண்டஸ் என்ற மூத்த குரு ஏற்கெனவே பணியாற்றி வந்தார். அவரிடம் பரதவக் கிறிஸ்தவர்கள் வந்தார்கள், மேல்சாதியார் வரவில்லை. மாட்டிறைச்சி தின்னும் பறங்கியரின் மதம் என்று ஒதுக்கினார்கள். நொபிலி தாம் பறங்கி அல்ல என்று அறிவித்து, காவி உடுத்திச் சன்னியாசியானார். மரக் காலணி, ஒரு வேளை மரக்கறி உணவு, பிராமணச் சமையல்காரர் என்று வாழ்ந்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். முதுமையில் பார்வை மங்கிய பிறகும், 1656-இல் மயிலாப்பூரில் இறக்கும்வரையிலும், அந்த நோன்பை விடவில்லை. இந்த உறுதியை மதிக்கிறோம்.

ஆனால் அந்த அன்றாட ஒழுக்கத்துக்குள் சாதியும் குடியிருந்தது. தம்மிடம் வந்த மேல்சாதியாருக்காக அவர் தனிக் கோயில் அமைத்தார். சொந்தச் சபையைச் சேர்ந்த பெர்னாண்டசிடமிருந்தே விலகி வாழ்ந்தார். சாதி வெறும் சமூக வழக்கம், மதத்தோடு தொடர்பில்லாதது என்பது அவர் வாதம். வழக்கு ரோம் வரை போனது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்தார். அதே ஆணையில், குலப்பெருமை பேசுவோர் எளியவரை, குறிப்பாகக் கோயிலுக்குள், இழிவாக நடத்தக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டிலேயே நொபிலி சேலம் வந்தார்.

அனுமதி நடைமுறைக்கு வந்தது. மன்றாட்டு ஏட்டோடு நின்றது. சன்னியாசிக் குருக்கள் தலித் மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அதனால் 1640-இல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். ஒரே வேதத்துக்கு இரண்டு வரிசை வந்தது.

அந்த வரிசை இன்னும் கலையவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரிக்கச் சுவர் எழுந்ததை நாடே அறியும். மறுபக்கம், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. இருக்கிறது என்று கல்லறை காட்டுகிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குவது தலித் கிறிஸ்தவரே.

உரிமைக்காக அரசிடம் போராடுகிறோம், போராடுவோம். ஆனால் திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் வருகிறது, யார் வீட்டுச் சாப்பாட்டில் யார் கைநனைக்கிறார்கள், சவக்குழியை எங்கே வெட்டுகிறார்கள் என்பவற்றுக்கு எந்த ஆணையும் வேண்டியதில்லை. உணவிலும் உடையிலும் 50 ஆண்டுகள் நோன்பு காத்தவரைக் கொண்டாடும் திருச்சபை, இந்த மூன்றிலும் தன் விசுவாசத்தைக் காட்ட வேண்டும்.