தெரியாதது எல்லாம் இல்லாதது அல்ல: மேகநாத் சாகாவின் வாழ்க்கை

அனுமந்தை, மரக்காணம் கரையோரத்தில் வாழும் நமக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தத் தண்ணீரை எப்போது எந்தப் பாத்திக்குத் திருப்புவது, நாள் தாண்டினால் உப்பில் கசப்பு எப்படி ஏறும் என்பதெல்லாம் உப்பளத்தில் உழைத்த நம் பெரியவர்களுக்குக் கைவந்த பாடம். அந்த உப்பில் ஒரு சிட்டிகை அடுப்பில் விழுந்தால் தீ மஞ்சளாக எரிவதையும் பார்த்திருக்கிறோம். அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஓர் ஒளி அடையாளம் உண்டு. சூரிய ஒளியைக் கருவியால் பிரித்துப் பார்த்தபோது சோடியத்தின் அடையாளம் அங்கேயும் கிடைத்தது. ஆனால் சோடியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ரூபிடியத்தின் அடையாளம் கிடைக்கவில்லை. அப்படியானால் சூரியனில் ரூபிடியம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன். பெயர் மேகநாத் சாகா.

டாக்கா அருகே சியோராதாலி கிராமத்தில் 1893 அக்டோபர் 6 அன்று பிறந்தார். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஐந்தாவது. ஊர்ப் பள்ளி முடிந்ததும் கடையில் உட்காரட்டும் என்றே வீட்டில் நினைத்தார்கள். அடுத்த பள்ளியோ பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே ஒரு மருத்துவர் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சிறுவன் இரண்டையும் செய்துகொண்டே படித்து, டாக்கா மாவட்டத்தில் முதலிடம் பெற்றான். மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் தன் 20 ரூபாய் சம்பளத்தில் 5 ரூபாய் அனுப்பினார்.

1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்தார்கள். அதில் சேர்ந்ததற்காகச் சாகாவின் உதவித்தொகை பறிக்கப்பட்டது. வேறொரு பள்ளி சேர்த்துக்கொண்டதால்தான் படிப்பு தொடர்ந்தது.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்குப் போனார். சாகா தலித் அல்லர். ஆனால் அன்றைய வங்கத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட சாதியில் பிறந்தவர். விடுதியில் மேல்சாதி மாணவர்கள் தங்களோடு அவர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றார்கள். கல்விக் கடவுள் என்று சொல்லப்படும் சரஸ்வதியின் பூசையிலும் அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. தட்டும் பந்தியும் நம் கிராமங்களில் என்னென்ன பேசும் என்று நமக்குத் தெரியும். சாகா அந்த விடுதியைவிட்டு வெளியேறினார், படிப்பை விடவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்று, இயற்பியலைப் பெரும்பாலும் தாமே படித்துக்கொண்டு பேராசிரியரானார்.

1920இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் கருத்து எளிமையானது. கடும் வெப்பத்தில் அணு தன் எலக்ட்ரானை இழக்கும். இழந்துவிட்டால் அதன் ஒளி அடையாளமும் மாறிவிடும். ரூபிடியம் சோடியத்தைவிட எளிதாக எலக்ட்ரானை இழக்கிறது. ஆகவே சூரியனின் சூட்டில் ரூபிடியம் இருந்தும் தெரியாமல் போகிறது. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிட ஒரு சமன்பாட்டையும் தந்தார்.

அவர் அதோடு நிற்கவில்லை. சூரியனின் கரும்புள்ளிகளில் சூடு குறைவு. தம் கணக்கு சரியென்றால் ரூபிடியம் அங்கே தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார். தெரியாவிட்டால் கணக்கு தவறு. தோற்றுப்போக இடம் வைத்து ஒரு கருத்தைச் சொல்வதுதான் அறிவியல். சொன்னவரின் பிறப்பும் பதவியும் அங்கே சாட்சிக்கு வராது. அமெரிக்க வானியலாளர் ரஸல் கரும்புள்ளிகளின் ஒளியை ஆராய்ந்தார். ரூபிடியத்தின் அடையாளம் இருந்தது.

லண்டனில் ஃபௌலர் என்ற அறிஞர் குறைகளைச் சுட்டிக்காட்டியபோது, சாகா தம் அடுத்த கட்டுரையைத் திருத்தி எழுதினார். விண்மீன்கள் வெவ்வேறு விதமாக ஒளிர்வதற்குப் பெரும்பாலும் அவற்றின் வெப்பநிலை வேறுபாடே காரணம், ஆக்கப்பட்ட பொருள் வேறு என்பதல்ல என்ற தெளிவும் இந்த வழியில்தான் வந்தது. சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு 1925இல் சிசிலியா பெயின் என்ற இளம்பெண், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார்.

1927இல் லண்டன் ராயல் சங்கம் சாகாவை உறுப்பினராக்கியது. கல்கத்தாவில் அணு இயற்பியல் நிறுவனத்தை அவர் உருவாக்கினார். மாணவப் பருவத்தில் தாமோதர் வெள்ள நிவாரணத்தில் உழைத்தவர், பின்னாளில் அந்த ஆற்றைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்காக எழுதினார். 1952இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நாட்டுக்குப் பொதுவான நாட்காட்டியை வகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணில் படவில்லை என்பதையே அவர்கள் சாட்சியாக்குகிறார்கள். சாகா ரூபிடியத்தைப் பற்றிக் கேட்டதையே நாமும் கேட்க வேண்டும்: எந்த நிலையில் அது தெரியாமல் போகிறது, எந்த நிலையில் தெரியும்? அந்த 4 ரூபாயும், அண்ணனின் 5 ரூபாயும், தங்க ஓர் இடமும் இல்லாதிருந்தால் சாகாவும் சியோராதாலியில் பருப்பு நிறுத்துக்கொண்டு இருந்திருப்பார். திறமை இல்லை என்றே ஊர் பேசியிருக்கும்.

எனவே, நம் பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் சிலவற்றைப் போய்ப் பார்ப்போம். பள்ளியின் ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா? உதவித்தொகை உரிய மாதத்தில் வருகிறதா? விடுதியில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா?