திருவிதாங்கூர் தந்த மருத்துவ அம்மையார்

தலைப்பிரசவம் என்றால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். எத்தனை தொலைவில் குடியிருந்தாலும் வளைகாப்பு முடிந்ததும் ரயில் ஏறிவிடுகிறோம். ஊர் சேர்ந்த பின் ஆஸ்பத்திரியில் பெயர் பதிவு செய்து கொள்வதை இன்று யாரும் பெரிய செய்தியாகக் கருதுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது குடும்பத்துக்கே இழுக்கு என எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் டி. இ. புன்னன், திருவிதாங்கூரின் முதல் வைத்தியப் பட்டதாரி. அரண்மனை வைத்தியராகவும் விளங்கியவர். தந்தையின் வழியிலேயே செல்ல மகளும் விரும்பினார். ஆனால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் பயில அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெண் என்பதே காரணம். மனம் தளராமல் சரித்திரம் பயின்று, கல்லூரியின் ஒரே மாணவியாக இருந்து, 1909-ல் பட்டம் பெற்றார்.

இந்தியாவில் மருத்துவக் கல்விக்கு வழி கிட்டாமற் போகவே, கடல் கடந்து லண்டன் சென்றார். 1915-ல் லண்டன் சர்வகலாசாலையின் எம்.பி.பி.எஸ். பட்டம் அவர் கைக்கு வந்தது. அத்துடன் நில்லாமல் டப்ளின் நகரத்து ரொட்டண்டா மருத்துவமனையில் பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். குழந்தை வைத்தியத்தையும் லண்டனில் பயின்றார். 1916-ல் தாயகம் திரும்பித் திருவனந்தபுரம் தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். அடுத்த ஆண்டு வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸ் அவர்களை மணந்தார். கணவர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

மருத்துவமனை இருந்தது, மருத்துவரும் வந்தார், ஆனால் பிரசவத்துக்குப் பெண்கள் வரத் தயங்கினர். வீட்டின் இருண்ட அறையே பிரசவ அறை. பரம்பரை மருத்துவச்சியே துணை. கையைச் சுத்தம் செய்யாமலும், கருவியைக் கொதிநீரில் இடாமலும் பார்த்த பிரசவத்தில் விஷக் காய்ச்சல் கண்டு தாய் மடிவதும், தொப்புள் கொடி அறுத்த இடத்தில் நோய் பற்றிச் சேய் மடிவதும் அந்நாளில் அரிதன்று. குழந்தை குறுக்கே கிடந்தால் இரு உயிருக்கும் ஆபத்து.

அம்மையார் யாரையும் வாயால் கடிந்து திருத்த முற்படவில்லை. தமது தலைப்பிரசவத்துக்கு, தாம் பணிபுரிந்த அதே மருத்துவமனையின் பிரசவ வார்டிலேயே போய்ப் படுத்தார்! வீட்டிலேயே சகல வசதியும் செய்து கொள்ளக்கூடிய குடும்பத்துப் பெண்மணி, பொது மருத்துவமனையில் பிள்ளை பெற்று நலமுடன் வீடு திரும்பியதை ஊர் கண்டது. ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை இந்த ஒரு செயல் செய்தது எனலாம்.

மருத்துவச்சிகளையும் அவர் பகைத்துக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வந்தால் தங்கள் பிழைப்புப் போய்விடுமே என்று அவர்கள் அஞ்சியது இயல்பே. அதை உணர்ந்து, அவர்களுடைய பிள்ளைகளுக்கே முறையான பிரசவப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். எதிர்த்து நின்றிருக்கக் கூடியவர்கள் அதனால் துணைவர்களாயினர். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் சிகிச்சையைக் கேரளத்தில் முதன்முதலாக, 1920-ல், செய்தவரும் அவரே என்பர்.

ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பேற்ற 1924-ஆம் ஆண்டில் அம்மையார் பொறுப்பு சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். திருவிதாங்கூர் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியும் அவரே. 1938-ல் சர்ஜன் ஜெனரல் பதவி முழுமையாக அவரிடம் வந்தது. 32 அரசாங்க மருத்துவமனைகளும் 40 அரசாங்க வைத்திய சாலைகளும் 20 தனியார் நிலையங்களும் அவருடைய மேற்பார்வையில் இயங்கின. அமெரிக்க நாட்டில் அப்பெயருடைய பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-ல்தான் என்பதை ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை எழுந்ததும் அவருடைய முயற்சியால்தான். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. 1956-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே அம்மையாரின் தொண்டில் நம்மவர்க்கும் உரிய பங்கு உண்டு.

மகாராஜா அவருக்கு வைத்திய சாஸ்திர குசலா என்னும் விருது அளித்தார். இந்திய அரசாங்கம் 1975-ல் பத்மஸ்ரீ வழங்கிற்று. ஆயினும் முதுமையில் அவர் பட்ட துயரம் சிறிதன்று. பிறர் பிள்ளைகளைப் பிழைக்க வைத்த அந்தத் தாய், கணவரை இழந்ததோடு, தாம் பெற்ற மக்கள் இருவரையும் தம் கண் முன்னே பறிகொடுத்தார். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

விஞ்ஞானம் படிக்க இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண், அதே நகரில் ஒரு ராஜ்யத்தின் வைத்திய இலாகாவுக்கே தலைமை தாங்கினார். நம் வீட்டுப் பெண் குழந்தை மேலே படிக்க ஆசைப்படும் போது, மறுமொழி கூறுமுன் பெற்றோர் இவ்வரலாற்றை ஒரு முறை நினைத்துப் பார்ப்பார்களாக.