சூலை வலிக்கு நூல் எழுதிய இப்னு சீனா

மேற்குலகம் அவிசென்னா என்று அழைக்கும் இப்னு சீனாவை மருத்துவ மேதையாக நாம் அறிவோம். வயிற்று வலி என்ற ஒரே நோய் அவருடைய வாழ்வில் மூன்று முறை குறுக்கிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கி.பி. 980-இல் புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா கிராமத்தில் பிறந்த அவர், பத்து வயதிலேயே குர்ஆனைக் கற்று முடித்தார். இளம் வயதிலேயே புகாரா மன்னர் நூஹ் இப்னு மன்சூருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டார். அதன் பயனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது.

பின்னாளில் அவர் ஹமதானுக்கு வந்தபோது, ஆட்சியாளர் ஷம்சுத் தௌலா சூலை வலியால் துடித்துக்கொண்டிருந்தார். அரபு மருத்துவத்தில் இந்நோய்க்குக் குலன்ஜ் என்று பெயர். நாற்பது நாட்கள் அரண்மனையில் தங்கி மன்னரைக் குணப்படுத்திய இப்னு சீனா, பின்பு அவருடைய அமைச்சருமானார்.

மன்னரின் மரணத்திற்குப் பின் காற்று திசை மாறியது. ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். அந்தச் சிறையில் இருந்துகொண்டே குலன்ஜ் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார்.

குடல் வலியையும் சிறுநீரகக் கல் வலியையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது என்பது அவருடைய மருத்துவத்தின் முக்கியப் பாடம். வலி எங்கே தொடங்கியது? எந்தப் பக்கம் நகர்கிறது? சாப்பிட்டால் கூடுகிறதா, குறைகிறதா? மலம் கட்டியிருக்கிறதா? வாந்தி உண்டா? சிறுநீரில் மணல் போல ஏதும் தெரிகிறதா? இவற்றையெல்லாம் பார்த்த பிறகே மருந்து. இன்றைய மருத்துவர் ஸ்கேன் எழுதுவதற்கு முன் நம்மிடம் கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ இவைதாம்.

இறுதியில் அதே நோய் அவரையும் பிடித்தது. ஆட்சியாளர் அலாவுத் தௌலாவுடன் பயணம் செய்ய வேண்டிய நெருக்கடியில், விரைவாகக் குணமடைய விரும்பி ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணானது. இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். சேர்க்கப்பட்டதோ ஐந்து திர்ஹம் எடை, அதாவது பதினைந்து மடங்கு. அவருடைய பணத்தைக் கையாடியிருந்த பணியாள் ஒருவன் மருந்தில் அபினையும் அளவுக்கு மீறிக் கலந்தான் என்று அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி பதிவு செய்துள்ளார்.

இனி மருந்து பயனளிக்காது என்று உணர்ந்ததும் சிகிச்சையை நிறுத்தினார். தவ்பா செய்து, தர்மம் கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் ஈடுபட்டார். ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) ஹமதானில் வஃபாத்தானார்.

அவருடைய தத்துவக் கருத்துகளை இமாம் கஸ்ஸாலி கடுமையாக மறுத்தார்கள். ஆனால் அவருடைய மருத்துவ அறிவு உலகத்திற்கே பயன்பட்டது.

நம் வீடுகளில் திடீரென வயிறு வலித்தால் வாய்வு என்று நாமே முடிவு செய்து, பேதி மருந்தோ கடை மாத்திரையோ கொடுத்துவிடுகிறோம். வலி குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி மருந்தே ஆபத்தாகிவிடும். வலி விடாமல் கூடினாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருவது. நோயை அறிந்து மருந்து தேடுவது நம் கடமை.